டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய டர்போ டீசல் கார் ஒன்று மேட்டில் இழுக்க மறுக்கிறது, லாரியை முந்துவதற்காக மூன்றாம் கியருக்கு வந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் சத்தம் மட்டும் கூடுகிறது என்றால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது என்பதுதான். அந்தப் பதில் சில வேளைகளில் சரியாகவும் இருக்கும். ஆனால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் தன் நிலையை எண்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் இரண்டை மட்டும் சேர்த்து வைத்துப் படித்தாலே கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே வரும் காற்றின் எடையைச் சொல்லும் எம்ஏஎஃப் சென்சாரும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சாரும் தரும் எண்கள் அவை.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது 1248 சிசி கொள்ளளவுள்ள ஃபியட் 1.3 மல்டிஜெட் எஞ்சின். 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசலில் டிடிஐஎஸ் என்ற பெயருடன் வந்த இந்த எஞ்சின், பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று வெவ்வேறு நிறுவனங்களின் கார்களில் புகுந்ததால், இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே வேடிக்கையாக அழைக்கப்பட்டது. 2020-இல் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதிகள் வந்தபோது இதன் உற்பத்தி இங்கே நின்றது. எனவே இன்று சாலையில் இருக்கும் இவ்வகைக் கார்கள் எல்லாமே பழையவை. 75 பிஎஸ் (குதிரைத் திறன்) கொண்ட வடிவத்தில் வடிவம் மாறாத எளிய டர்போவும், 90 பிஎஸ் வடிவத்தில் உள்ளிருக்கும் தகடுகள் அசைந்து வழியைக் குறுக்கவும் விரிக்கவும் கூடிய விஜிடி டர்போவும் இருக்கும். கீழே சொல்லப்போகும் முறை வேறு டர்போ டீசல் கார்களுக்கும் பொருந்தும். கணக்கில் போடும் கொள்ளளவு மட்டும் மாறும்.

முதலில், டீசல் எஞ்சினில் ஆக்சிலரேட்டர் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பெட்ரோல் எஞ்சினில் அது காற்றின் வழியைத் திறக்கிறது. டீசலில் அது, இவ்வளவு விசை வேண்டும் என்று எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவிடம் கேட்கும் விண்ணப்பம் மட்டுமே. அந்த விண்ணப்பத்தை ஈசியூ அப்படியே நிறைவேற்றிவிடுவதில்லை. உள்ளே எவ்வளவு காற்று வந்திருக்கிறது என்று பார்த்து, அந்தக் காற்றில் புகையில்லாமல் எரியக்கூடிய அளவுக்கு மட்டுமே டீசலைத் தெளிக்கச் சொல்கிறது. ஆகவே காற்று உண்மையில் குறைந்தாலும் வண்டி இழுக்காது. காற்று போதிய அளவு இருந்தும் சென்சார் குறைத்துச் சொன்னாலும் வண்டி இழுக்காது. ஓட்டுபவரின் காலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழுது பார்க்கும் செலவில் மட்டும் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு.

கருவியைச் செருகும் முன் புகாரைச் சற்றுக் கூர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையான ஆர்பிஎம் 2000-க்குக் கீழே இருக்கும்போது சோம்பலாக இருப்பது இந்த எஞ்சினின் பிறவிக் குணம், குறிப்பாக 75 பிஎஸ் வடிவத்தில். அதைக் கோளாறு என்று எண்ணிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று உயிர் போனதுபோல் ஆகி, சாவியை அணைத்து மீண்டும் போட்டால் சரியாகிவிடுகிறது என்றால், ஈசியூ ஏதோ ஒரு எண்ணை நம்பாமல், பாதுகாப்புக்காக விசையைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடுக்குப் போயிருக்கிறது என்று பொருள். தாழ்ந்த வேகத்தில் சரியாக இழுத்து, மேல் ஆர்பிஎம்மில் மட்டும் மூச்சு முட்டினால் டீசல் வரத்தின் மீது ஐயம் கொள்ளலாம். அத்தோடு, மிதிக்கும்போது பின்னால் கரும்புகை வருகிறதா என்பதை வேறொருவரைக் கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும். கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசலே குறைவாகப் போகிறது. காசு செலவில்லாத இந்த ஒரு கேள்வி பாதித் தொலைவைக் கடத்திவிடும்.

எஞ்சினுக்கு வெளியே இருக்கும் காரணங்களையும் இப்போதே தள்ளிவிடலாம். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்து, ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தடித்த தரைவிரிப்பு ஒன்றின் மேல் இன்னொன்றாகப் போட்டு, ஆக்சிலரேட்டர் முழுக்க இறங்காமல் தடுக்கப்பட்ட கார்களும் இருக்கின்றன; ஸ்கேனரில் பெடலின் நிலையைப் பார்த்தால் அது உடனே வெளிப்படும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் எலி கூடு கட்டிக் காற்றுவழியை அடைத்துவிடுவது நம் ஊர்களில் அரிதான செய்தி இல்லை.

இனி எண்களுக்கு வரலாம். பிஎஸ் 4 விதிகளின் கீழ் 2013 ஏப்ரல் முதல் வந்த கார்களில் எஞ்சினின் எண்களை வெளியே படிக்கத் தரும் ஓபிடி 2 அமைப்பு கட்டாயம் என்பதால், மலிவான இஎல்எம் 327 புளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் இருந்தாலே தேவையான எண்களைப் பார்த்துவிடலாம். அதற்கு முந்தைய கார்களில் பொதுவான செயலி எல்லாவற்றையும் காட்டாமல் போகலாம். அங்கே அந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டியிருக்கும். ஈசியூ எதிர்பார்க்கும் டர்போ அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் அருகருகே காட்டும் ஸ்கேனர் கிடைத்தால் வேலை எளிது. மலிவான கருவிகள் பெரும்பாலும் கிடைக்கும் அழுத்தத்தை மட்டுமே காட்டும். அந்தக் குறையை ஈடுகட்டச் சிறு கணக்கு ஒன்று போதும்.

கணக்குக்கு முன் சென்சார்களைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு மேப் சென்சாரின் எண்ணைப் பார்த்தால், அது அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் ஏறக்குறைய 100 அல்லது 101 கிலோபாஸ்கல். பெங்களூரில் 91 அளவில். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் 80-க்குச் சற்றுக் கீழே. சென்னையில் நிற்கும் கார் 115 காட்டினால், கரியும் எண்ணெயும் படிந்த சென்சார் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பும் ஈசியூ, அழுத்தம் போதிய அளவு வந்துவிட்டது என்று எண்ணி டர்போவை முன்கூட்டியே தளர்த்திவிடும். எம்ஏஎஃப் அதே நிலையில் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்கான காற்றை இழுக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் 1.248 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முறை நிறைகிறது. அதாவது நொடிக்கு 31.2 லிட்டர். மேனிஃபோல்டில் அழுத்தம் 200 கிலோபாஸ்கலும் வெப்பம் 55 டிகிரியும் என்றால் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 2.1 கிராம். சிலிண்டர்கள் முழுக்க நிறைவதில்லை என்பதற்காக 0.85-ஆல் பெருக்கினால் நொடிக்கு 56 கிராம் அளவு வருகிறது. டர்போ ஒன்றுமே செய்யாமல் மேனிஃபோல்டில் வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே இருந்தால் அதே ஆர்பிஎம்மில் நொடிக்கு 30 கிராம்தான் வரும். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நூற்றுக்குப் பத்து முன்பின் இருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அளவெடுக்கும் ஓட்டத்துக்கு வண்டி நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், சாலை காலியாக இருக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் விடியற்காலை நேரம் ஏற்றது. மூன்றாம் கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து பெடலை முழுக்க மிதித்து 3500 வரை கொண்டுபோக வேண்டும். எண்களைச் செயலி பதிவு செய்யட்டும், அல்லது பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது என்பதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

என் மைத்துனரிடம் 90 பிஎஸ் வடிவம் பொருத்திய பழைய செடான் ஒன்று இருக்கிறது. அது இழுக்கவில்லை என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு வந்ததைக் காட்டி டர்போவை மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்துவிட்டார்கள். அந்தக் குறியீடு சொல்வது எதிர்பார்த்த அளவுக்கு டர்போ அழுத்தம் வரவில்லை என்பதை மட்டுமே. ஏன் வரவில்லை என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். 3000 ஆர்பிஎம்மில் மேனிஃபோல்டு அழுத்தம் 148 கிலோபாஸ்கல், எம்ஏஎஃப் நொடிக்கு 58 கிராம். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் டர்போ சோர்ந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் 148 கிலோபாஸ்கலில் சிலிண்டர்கள் விழுங்கக்கூடிய காற்று நொடிக்கு 42 கிராம்தான். உள்ளே நுழைந்ததோ 58. மீதிக் காற்று சென்சாரைக் கடந்த பிறகு, சிலிண்டரை அடையும் முன் எங்கோ வெளியேறிக்கொண்டிருந்தது. இவ்வளவு காற்றைத் தள்ளும் டர்போவைச் செத்ததாகக் கொள்ள முடியாது. பின்னால் வந்த கரும்புகையும் இதோடு பொருந்தியது. நுழைந்த காற்று முழுவதும் சிலிண்டருக்குப் போனதாக எண்ணி ஈசியூ டீசலைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டிருந்தது.

கசிவைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் அழுத்தும் இடத்தை ஒட்டி விரியும் வெடிப்பு, எஞ்சின் நிற்கும்போது உதடு மூடியதுபோல் மூடிக்கொள்ளும். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயைப் பொருத்தமான பிவிசி மூடியால் அடைத்து, அதில் பொருத்திய டியூப் வால்வு வழியாக அரை பார் (50 கிலோபாஸ்கல்) அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றி, ஹோஸ்கள் முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். எஞ்சினின் உட்புறம் வழியாகவும் கொஞ்சம் காற்று தப்பிப் போகும் என்பதால் அழுத்தம் நிற்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. நுரை வரும் இடமே முக்கியம். இந்தக் காரில், டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸின் அடியில் நுரை பொங்கியது. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றிய பிறகு அதே சாலையில், அதே கியரில், அழுத்தமும் காற்றின் எடையும் கணக்கோடு ஒத்துப்போயின. டர்போவின் விலையில் ஒரு சிறு பங்கில் வேலை முடிந்தது.

எண்கள் வேறு விதமாக வந்திருந்தால் தேடும் திசையும் வேறாகியிருக்கும். அழுத்தம் போதிய அளவு இருந்து, எம்ஏஎஃப் மட்டும் கணக்கைவிட மிகக் குறைந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. கரும்புகை இல்லாவிட்டால் எம்ஏஎஃப் சென்சாரே குறைத்துச் சொல்கிறது. அதன் மெல்லிய சூடான படலத்தின் மீது தூசும் எண்ணெயும் படியும்போது இப்படி ஆகும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் தூய்மை செய்து பார்க்கலாம், பிரேக் கிளீனரையோ துணியையோ கொண்டு போகக் கூடாது. இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டும்போது வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால் ஐயம் வலுக்கிறது. அப்போது ஈசியூ சென்சாரை விட்டுவிட்டுத் தன்னிடம் உள்ள மாற்று மதிப்பைக் கொண்டு ஓட்டுகிறது. அதைச் சோதனையாக மட்டுமே கொள்ள வேண்டும், அப்படியே விட்டுவிடக் கூடாது.

கரும்புகையும் சேர்ந்து வந்தால் இஜிஆர் வால்வைப் பார்க்க வேண்டும். எரிந்த புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக வைக்கப்பட்ட இந்த வால்வு, முழு மிதியில் மூடிக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஆவியும் கரியும் குழைந்து தார்போல் படிந்து அதை மூடவிடாமல் செய்தால், மேனிஃபோல்டில் அழுத்தம் இருக்கும், ஆனால் அந்த அழுத்தத்தில் பாதி புகையாக இருக்கும். எரிப்பதற்குப் போதிய புதுக் காற்று இருக்காது. நகர நெரிசலில் சிறு தூரங்கள் மட்டுமே ஓடும் காரில் இந்தப் படிவு விரைவில் சேர்கிறது. வால்வைக் கழற்றித் தூய்மை செய்யும்போது மேனிஃபோல்டின் வாயையும் எட்டிப் பார்க்க வேண்டும்; வழி பாதியாகச் சுருங்கியிருந்தால் மேனிஃபோல்டையும் கழற்றுவதே முறை. இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது மாசு விதிகளுக்கு எதிரானது என்பதோடு, கோளாறைக் கண்டறியாமல் மூடிவைப்பதுமாகும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இரண்டு எண்களுமே குறைந்து, ஒன்றுக்கொன்று கணக்கில் ஒத்துப்போனால்தான் டர்போவின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் நேராக அதைக் கழற்ற வேண்டியதில்லை, ஏனென்றால் டீசல் குறைவாக எரிந்தாலே டர்போவைச் சுழற்றும் புகையின் வேகமும் குறைந்து அழுத்தம் வராது. ஆகவே முதலில், இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்த டீசலைத் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் அது 300 பாரை ஒட்டி இருக்கும். முழு மிதியில் இந்த எஞ்சினில் 1400 பார் அல்லது அதற்கு மேலும் ஏறும். செயலிகள் இதைக் கிலோபாஸ்கலில் 1,40,000 என்று காட்டும்போது மிரள வேண்டாம். மிதித்தவுடன் ஏறத் தொடங்கி, ஆர்பிஎம் கூடக்கூடத் தளர்ந்து கீழே வந்தால் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றி, பழையதில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் திருப்பி அனுப்பும் டீசலை நான்கு ஒரே அளவுப் பாட்டில்களில் ஐடிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக விரைவாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. திருப்பி வரும் மெல்லிய குழாய்களில் செய்யும் சோதனை இது. உயர் அழுத்தக் குழாயின் நட்டை எஞ்சின் ஓடும்போது தளர்த்துவதைக் கனவிலும் எண்ணக் கூடாது. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ரெயில் அழுத்தமும் சரி என்றால் டர்போவின் முறை வருகிறது. 90 பிஎஸ் வடிவத்தில் பெரும்பாலும் டர்போவின் சுழலி நன்றாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள தகடுகளோ கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும்; அல்லது அவற்றை அசைக்கும் வாக்குவம் (வெற்றிட இழுப்பு) குழாய் பிய்ந்திருக்கும். கைப் பம்பால் வாக்குவம் கொடுத்து, தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டரின் தண்டு தடங்கலின்றி முழுத் தூரமும் போய்த் திரும்புகிறதா என்று பார்ப்பது கால் மணி நேர வேலை. 75 பிஎஸ் வடிவத்தில் வாக்குவத்துக்குப் பதிலாக அழுத்தம் கொடுத்து, மிகுதிப் புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவான வேஸ்ட்கேட்டின் தண்டு முழுக்கத் திரும்பி மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தின் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பானது, எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கைகள் கூட்டின் சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போ உண்மையாகவே முடிந்துவிட்டது. அப்போதும் புதியதைப் பொருத்தும் முன், அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, எண்களும் ஒத்துவந்து, இழுவை மட்டும் இல்லை என்றால் எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, சைலன்சருக்கு முன் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருப்பது; அதற்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தி மிதித்துப் பார்த்தால் புகை வெளியேற முடியாமல் தேங்குவது தெரியும். இன்னொன்று, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனோடு இணைக்கும் டைமிங் செயின். இந்த எஞ்சினில் பெல்ட் கிடையாது, செயின்தான். எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்டு ஓட்டிய கார்களில் அது நீண்டுவிடும், வால்வுகள் திறக்கும் நேரம் பிசகி இழுவை மெல்ல மெல்லக் குறையும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் முன்பக்கத்தில் கடகடவென்ற ஒலி சில நொடிகள் கேட்டு அடங்குவது இதற்கான அறிகுறி. மற்ற கோளாறுகள் பலவற்றோடு வண்டியைச் சில காலம் ஓட்டிச் சமாளிக்கலாம். இந்த ஒலி கேட்ட பிறகு வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டுச் செயினைப் பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி, செலவு டர்போவின் விலையைக் கடந்துவிடும்.